நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனும் பொய் ஈத் தூண்டிலும்

பவானி நதியின் ஜலமே கொங்கு நாட்டுப் பயிர்களுக்கு உயிர்நாடி என்பது யாவரும் அறிந்ததே. கொடிவேரி அணையில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், பழமையான காலிங்கராயன் வாய்க்காலும், 1955-இல் முடிவுற்ற கீழ்பவானித் திட்டத்தின் பெரிய கால்வாயும் இந்த ஒரு நதியை நம்பியே பாய்கின்றன. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கும் குடியானவர்களில் அநேகர், அத்தண்ணீர் பிறக்கும் இடத்தைக் கண்டதில்லை. மேற்கே நீலகிரியின் உச்சியில், ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள புல்வெளிகளிலும், பள்ளங்களில் அடர்ந்த சோலைகளிலும் அது ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது. அந்த ஓடைகளில், இத்தேசத்துக்கே உரியதல்லாத ஒரு மீன் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. அதன் பெயர் டிரவுட். அதைப் பிடிக்கும் முறையும் விசேஷமானது. வலையில்லை, மண்புழுவில்லை, தக்கையில்லை. கோழி இறகைக் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டிய ஒரு பொய் ஈயே இரை.

இது துரைமார்கள் விட்டுச் சென்ற பொழுதுபோக்கு என்று கூறித் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஓரளவுக்கு அது மெய்யே. எனினும் அம்மீன் இங்கு வந்த வரலாற்றையும், எதனால் அது பிழைத்திருக்கிறது என்பதையும் ஆராய்ந்தால், ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு நேராகப் பயன்படக்கூடிய சில விஷயங்கள் புலப்படும்.

முதலில் அதன் இயல்பைக் கூறுவோம். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீரின் உஷ்ணம் 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் அது சௌக்கியமாக இருக்கும். 20 டிகிரிக்கு மேற்பட்டால் இரையெடுப்பது குறையும். 25 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலும் மாண்டுவிடும். இதற்குக் காரணம் வெயிலின் கொடுமை மாத்திரமன்று. மீன் செவுள் வழியாகச் சுவாசிக்கும் பிராணவாயு, நீர் குளிர்ந்திருக்கும் அளவுக்கு அதில் மிகுதியாகக் கரைந்து நிற்கிறது. 10 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையுமானால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கரையும். நீர் சூடேறும்போது மீனின் உடலுக்கு அதிகப் பிராணவாயு தேவைப்படுகிறது. அதே சமயத்தில் கிடைப்பதோ குறைகிறது. குளத்துக் கெண்டையும் விராலும் இந்த நெருக்கடியைத் தாங்கிப் பழகியவை. டிரவுட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் அடி உயரத்திலும், உதகமண்டலம் ஏழாயிரத்து முந்நூறு அடி உயரத்திலும் உள்ளன. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குளிரும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரே நதித் தொகுதியில், மலையேறும் சில மணி நேரப் பயணத்துக்குள் 12 டிகிரி வித்தியாசம் ஏற்படுகிறது. டிரவுட் குஞ்சுகளை வாங்கிக் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கேணிகளில் விட்டு வளர்க்கலாமா என்று எண்ணுபவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பணம் மிஞ்சும். சமவெளிக்கு ஏற்றவை கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டை இனங்களே.

இனி அம்மீன் வந்த கதை. 1819-இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிச் சென்றதும், பின்னர் ஐரோப்பியர் அங்கே குடியேறியதும் பலர் அறிந்த செய்திகள். 1868-இல் தனியாகப் பிரிக்கப்படும் வரை அம்மலை நெடுங்காலம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தே இருந்தது. குடியேறியவர்கள் தங்கள் நாட்டு உருளைக்கிழங்கையும் பழமரங்களையும் கொண்டு வந்தது போலவே, தங்கள் நாட்டு ஓடை மீனையும் கொண்டுவர விரும்பினர். சென்னை இராணுவ வைத்திய உத்தியோகஸ்தரும் மீன் சாஸ்திரத்தில் நிபுணருமான பிரான்சிஸ் டே என்பவர் 1863-ஆம் ஆண்டிலேயே இதற்கு முயன்றார். முயற்சி பலிக்கவில்லை.

இடையூறு யாதெனில், முட்டைகளைக் கப்பலில் கொண்டுவருவதுதான். உயிருள்ள மீனைப் பல வாரங்கள் கொண்டுவருவது அக்காலத்தில் நடவாத காரியம். முட்டையாகவே கொண்டுவர வேண்டும். உஷ்ணமான கடலைக் கடக்கும்போது அவை வழியிலேயே பொரித்துவிடும், அல்லது அழுகிவிடும். 1864-இல் ஜேம்ஸ் யூல் என்பவர் ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பெட்டிகளைப் பனிக்கட்டிக் குவியலுக்குள் புதைத்து, 91 நாள் பயணத்தில் இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியாவுக்கு உயிரோடு சேர்ப்பித்தார். குளிர் இருந்தால் முட்டை தன் காலத்தை நீட்டிக்கொள்ளும் என்பதே அதிலிருந்த சூட்சுமம். அதற்குப் பின் உலகத்தின் பல மலைகளுக்கு டிரவுட் பரவலாயிற்று. இலங்கையில் நுவரெலியாவுக்கு 1880-களிலும், காஷ்மீரத்துக்கு 1900-த்திலும் அது வந்து சேர்ந்தது.

நீலகிரியில் அது நிலைபெற்றது சென்னை மாகாண சர்க்காரின் மீன் வளர்ப்பு நிபுணராயிருந்த எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால். 1907-இல் குந்தாப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் ஏற்பட்டது. இலங்கையிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் முட்டைகளும் குஞ்சுகளும் தருவிக்கப்பட்டன. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் இங்கு நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டே நிலைத்தது. விலாவில் தலை முதல் வால் வரை செந்நிறப் பட்டை ஓடுவதால் அதற்கு அப்பெயர். பழுப்பு டிரவுட்டைக் காட்டிலும் சற்று அதிக உஷ்ணத்தை அது பொறுத்துக்கொள்ளும். மலைநாட்டு மீனிலும் இப்படிப்பட்ட பேதம் உண்டு.

அதே 1907-இல்தான் சென்னை மாகாணத்தில் மீன் தொழிலுக்கென ஒரு தனி அலுவலகம் சர் பிரெடரிக் நிக்கல்ஸனின் தலைமையில் அமைந்தது. இப்பெயர் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. 1887-இல் கோயமுத்தூர் ஜில்லாவின் விவரநூலைத் தொகுத்தவர் அவரே. ஐரோப்பாவுக்குச் சென்று, ஜெர்மானியக் கிராமங்களில் ரெய்பீஸன் ஏற்படுத்திய நாணய சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை சமர்ப்பித்தவரும் அவரே. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்கு அவ்வறிக்கை ஓர் அடிப்படை. குடியானவன் முதலைத் தின்னாமல் வட்டியில் வாழ வழி தேடிய ஒருவர், தமது உத்தியோக வாழ்வின் பிற்பகுதியில் கடலிலும் ஆற்றிலும் உள்ள மீனைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க முற்பட்டார். இது தற்செயல் என்று தோன்றவில்லை.

பொரிப்பகத்தில் நடக்கும் வேலை கவனிக்கத்தக்கது. குளிர்காலத்தில் சினை முற்றிய பெண் மீன்களைத் தனியே பிரித்து வைக்கின்றனர். ஒருவர் மீனை ஈரத்துணியால் பற்றிக்கொள்ள, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்லத் தடவினால் முட்டைகள் மணிமணியாகப் பாத்திரத்தில் விழும். மிளகைக் காட்டிலும் சிறிது பருமன், ஆரஞ்சு நிறம். ஒரு ராத்தல் எடையுள்ள மீனுக்கு ஏறக்குறைய ஆயிரம் முட்டைகள் இருக்கும். பின்பு ஆண் மீனையும் அவ்வாறே தடவி, அதன் விந்தை முட்டைகளின்மேல் விழச்செய்து, ஒரு பறவை இறகால் கலக்குகின்றனர். பாத்திரத்தில் அப்போது நீர் இருக்கலாகாது. நீரில் விழுந்த முட்டை, சிறிது நேரத்தில் நீரை உறிஞ்சி, தன் நுண்ணிய வாயிலை மூடிக்கொள்ளும். விந்தணுவும் நீரில் ஒரு நிமிஷத்துக்கு மேல் சுறுசுறுப்பாக இராது. ஆகவே உலர்ந்த பாத்திரத்தில் சேர்த்துவிட்டுப் பிறகே நீர் விட வேண்டும். ருஷ்யாவில் 1850-களில் வ்ராஸ்கி என்பவர் இதைக் கண்டறிவதற்கு முன், நீரில் சேர்த்துப் பாதி முட்டைகளை வீணாக்கி வந்தனர்.

முட்டைகளைத் தட்டுகளில் பரப்பி, ஓடைநீர் இடைவிடாது ஓடும் நீண்ட தொட்டிகளில் வைத்து, வெளிச்சம் படாமல் மூடிவைக்கின்றனர். 10 டிகிரி குளிரில் பொரிக்க ஒரு மாதமாகும். இடையில் ஒரு கட்டம் உண்டு: முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும். அதற்கு முன் தட்டை ஆட்டினாலே முட்டை செத்துப்போகும். கண் தெரிந்த பின் பெட்டியில் கட்டி வெகுதூரம் அனுப்பலாம். செத்த முட்டை வெண்மையாக மாறும். அதை அன்றன்றே பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து, அருகிலுள்ள நல்ல முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். இந்தப் பொறுக்கும் வேலைக்கு யந்திரத்தை விடக் கூரிய கண்ணும், குளிரில் விறைக்காத விரலும் வேண்டும். பொரித்த குஞ்சு தன் வயிற்றோடு ஒட்டிய கருப்பையிலுள்ள சத்தைக் கொண்டு இரண்டு மூன்று வாரம் ஜீவிக்கும். அதன் பின்னரே தீனி. தீனி உண்ணும் காலத்தில் பெரியது சிறியதை விழுங்காதபடி அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். இவ்வளவும் கடந்தவையே ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்படுகின்றன. சில ஓடைகளில் டிரவுட் தானாகவே சரளையில் குழி பறித்து முட்டையிட்டு இனம் பெருக்குவதும் உண்டு. எனினும் நீலகிரியில் அது பெரிதும் மனிதர் கைப்பட்டு நிலைத்திருக்கும் மீன்.

இவ்விதம் வளர்ந்த மீனைப் பிடிப்பதற்குத் தக்க காலம் கோடையின் தொடக்கம். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது ஓடைகள் வற்றித் தெளிந்து ஓடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓடைகள் பெருகிக் கலங்கிவிடும். அப்போது ஈத்தூண்டில் உதவாது. கோடைமழை ஒன்றிரண்டு பெய்த மாலைகளில் ஈசல்களும் பற்பல பூச்சிகளும் கிளம்பி நீரின்மேல் விழும். டிரவுட் அவற்றை உண்ண மேலே வரும். நீர்ப்பரப்பில் வட்டவட்டமாக அலை விரிவதே அதற்கு அடையாளம்.

அது உண்ணும் பூச்சிகளில் முக்கியமான ஒன்று ஒருநாள் ஈ. அதன் குட்டிப்புழு மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டு வரையில், நீருக்கடியில் கல்லிடுக்கில் வாழும். பிறகு மேலே வந்து சிறகு விரித்துப் பறந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடியும். வாழும் அந்த ஒரு நாளில் அது உண்பதில்லை. உண்ணத்தக்க வாயே அதற்கில்லை. சிறகு முளைத்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். மற்றொரு வகை, மணலையும் சருகையும் பசைநூலால் ஒட்டி, தன்னைச் சுற்றிச் சிறு குழாய்க் கூடு கட்டிக்கொள்ளும். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் இரண்டும் தென்படும். சேறும் பூச்சிமருந்தும் சேர்ந்த ஓடையில் கல்லைப் புரட்டினால் இவை இரா. அங்கே டிரவுட்டும் இராது.

பொய் ஈ என்பது இப்பூச்சிகளின் சாயல். சிறிய முள்ளின் தண்டில் பட்டுநூலும் உரோமமும் சுற்றி உடலாக்கி, சேவலின் கழுத்து இறகை வட்டமாகச் சுற்றிக் கால்களாக்குவார்கள். அந்த இறகின் நுனிகள் நீரைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால் ஈ மிதக்கும். இது மிதவை ஈ. நீருக்குள் அமிழ்ந்து செல்லும்படி கட்டுவது இன்னொரு வகை. இறகு என்றவுடன் ஒரு விஷயம் கூற வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகுகளில், மெழுகு பூசியது போன்ற பளபளப்பான வெண்மஞ்சள் புள்ளிகள் உண்டு. மேல்நாட்டுத் தூண்டிற்காரர்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். அதற்காகக் கொல்லப்பட்ட சேவல்கள் அநேகம். பறவை இறகு ஏற்றுமதியை இந்திய சர்க்கார் 1902-இல் தடுத்தது. 1972-ஆம் ஆண்டின் வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டம் காட்டுச்சேவலைக் கொல்வதையும் குற்றமாக்கியது. வீட்டுச்சேவலின் இறகே ஈ கட்டப் போதுமானது. மீனுக்குப் பேதம் தெரிவதில்லை.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். பொய் ஈக்கோ பாரமே இல்லை. ஆதலால் இங்கே கயிற்றையே பாரமுள்ளதாகச் செய்து, கோலின் வளைவைக் கொண்டு அதை வீசுகிறார்கள். கோல் சுமார் 9 அடி. முன்காலத்தில் மூங்கிற் பட்டைகள் ஆறை ஒட்டிச் செய்தனர். இப்போது கரிநார்க் கோல்கள் வந்துவிட்டன. கயிறு எண்ணெய் ஊட்டிய பட்டாக இருந்தது. இப்போது பிளாஸ்டிக் பூசியது. கயிற்றின் நுனிக்கும் ஈக்கும் இடையில் மீன் கண்ணுக்குப் படாத மெல்லிய இழை ஒன்று வேண்டும். நைலான் வருவதற்கு முன் அதை ஸ்பெயின் தேசத்தில் பட்டுப்புழுவிலிருந்தே செய்தனர். கூடு கட்டும் தறுவாயிலுள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை உருவி நீட்டினால் ஒரே இழையாக வரும். 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகாலத்துப் பட்டு வளர்ப்போர் இதைக் கேட்டால் வியப்படைவர்.

வீசும் விதம் இது. கோலை மேலே உயர்த்திக் கயிற்றைப் பின்புறம் பறக்கவிட வேண்டும். அது பின்னே முழுவதும் நீண்டு நிற்கும் வரை ஒரு கணம் பொறுத்து, அதன் பின்னரே முன்னே செலுத்த வேண்டும். அந்த ஒரு கணம் பொறுக்காவிட்டால் கயிறு வண்டிக்காரன் சாட்டை போலச் சொடுக்கும். நுனியிலிருந்த ஈ அறுந்து புல்லில் போய் விழும். புதிதாகக் கற்பவர் பலருக்கு முதல் நாள் முழுவதும் இதிலேயே கழியும். கைப்பலம் இங்கே உதவாது.

டிரவுட் எப்பொழுதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். இரை மேலிருந்து மிதந்து வருகிறதல்லவா? ஆகவே கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் நெருங்க வேண்டும். ஒளி நீரில் முறிவதால், மீனுக்கு வெளியுலகம் தலைக்கு நேர்மேலே ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. கரையில் நிமிர்ந்து நிற்பவன் அதில் படுவான். குனிந்து செல்பவன் படமாட்டான். கோடையில் நீர் தெளிந்திருப்பதால் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். காலடி அதிர்வையும் மீன் தன் விலாவிலுள்ள உணர்வுக்கோட்டால் அறியும். நிழல் நீரில் விழலாகாது. ஈயை மீன் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே விழச்செய்து, இயற்கையாக மிதந்து வர விட வேண்டும். கயிறு அதை இழுத்தால் மீன் சந்தேகிக்கும். வாயில் கவ்வியதும் பொய்யென்று அறிந்து உடனே துப்பிவிடும். அதற்குள் கோல்நுனி உயர்ந்திருக்க வேண்டும். நடுப்பகலில் மீன் பாறை நிழலில் ஒதுங்கிவிடும். காலையும் மாலையுமே தக்க வேளைகள்.

நாள் முழுவதும் நின்றால் நான்கைந்து மீன் கிடைக்கலாம். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். இவ்வளவு பாடுபட்டு இவ்வளவு சொற்பமாகப் பிடிப்பானேன் என்று குடியானவர் கேட்பது நியாயமே. வயிற்றுக்காக மீன் பிடிப்பவருக்கு இம்முறை ஏற்றதன்று. ஆனால் பொது ஓடையில் மீன் நிலைத்திருக்க வேண்டுமானால், இம்முறையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பிடிபட்ட மீன் உயிரோடு கைக்கு வருகிறது. சிறியதா, சினை கொண்டதா என்று பார்த்து, முட்கொக்கி இல்லாத தூண்டிலானால் ஈரக்கையால் பிடித்து மீண்டும் நீரில் விடலாம். நீலகிரியில் 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச்சட்டம் ஏற்பட்டது. அனுமதிச்சீட்டு வாங்கியே தூண்டில் போட வேண்டும் என்ற முறையும் வழக்கத்துக்கு வந்தது. 1990-இல் தேசியப் பூங்காவான முக்கூர்த்தியின் எல்லைக்குள் தூண்டில் போடுவதற்கு இடமில்லை. மற்ற இடங்களுக்குச் செல்ல விரும்புவோர் மீன் இலாகாவின் உதகமண்டலம் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

டிரவுட்டைக் குறித்து ஆட்சேபங்களும் உண்டு, அவற்றை மறைப்பதற்கில்லை. உலகத்தில் அதிகத் தீங்கு செய்யும் அந்நிய உயிரினங்கள் நூறைக் கொண்ட சர்வதேசப் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம் பெற்றிருக்கிறது. அது வேட்டையாடும் மீன். புதிய ஓடையில் விட்டால் அங்குள்ள சிறுமீனையும் தவளைக் குஞ்சையும் தின்னும். ஆகவே இதுவரை இல்லாத ஓடைகளுக்கு அதைப் பரப்புவது விவேகமன்று. ஆனால் இருக்கும் இடத்தில் அது ஓர் உஷ்ணமானியைப் போல நிற்கிறது. சோலை அழிந்து நிழல் நீங்கினாலும், உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணும் மருந்தும் ஓடையில் சேர்ந்தாலும், முதலில் மறைவது அதுதான்.

மலையுச்சியில் நேரும் மாறுதல் வாய்க்காலுக்கு எட்டாது என்று எண்ணலாகாது. நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதி கற்பூரமரமும் சீகைமரமும் நடப்பட்டுக் காடாக்கப்பட்டது. க்ளென்மார்கன் பக்கத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு பள்ளத்தாக்குகளில், ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் கற்பூரமரம் நட்டு, உதகமண்டலம் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஓடைநீரை அளந்தார்கள். 1972 முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பள்ளத்தாக்கில் நீர்வரத்து சராசரி 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டால் மழை பெருகும் என்று பொதுவாகச் சொல்லப்படும் சொல், எந்த மரம், எந்த நிலம் என்று கேளாமல் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று என்பதற்கு இது ஒரு சான்று. அப்பக்கத்து நீர் மோயாற்றில் சேர்ந்து கீழ்பவானி அணைக்கு வருவது. மழையின் போக்கும் முன்போலில்லை. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கோயமுத்தூர் நகரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே சாதாரணமாக அதற்குக் குறைவு.

டிரவுட் நீரைவிட்டுக் கீழே இறங்கினால், பவானியும் மோயாறும் தங்களுக்கே உரிய ஒரு பெருமீனை உடையன. அது மஹசீர் என்னும் பெருஞ்செதிள் கெண்டை. அதிலும் முதுகு கூன்போல் உயர்ந்த ஓர் இனம் காவேரித் தொகுதியில் அல்லாமல் உலகில் வேறெங்கும் இல்லை. மோயாற்றில் அது இன்னும் இருக்கிறது என்றாலும், 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அது சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்ற அதே பிரான்சிஸ் டே, 1873-இல் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றிச் சமர்ப்பித்த அறிக்கையில், விஷத்தாலும் குஞ்சுகளை அள்ளும் நெருக்கமான பொறிகளாலும் ஆறுகள் வெறுமையாவதை விரிவாக எடுத்துக் காட்டினார். அந்நிய மீனுக்குப் பொரிப்பகம் கிடைக்கச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின. மஹசீருக்கு அவ்வித ஏற்பாடு 1970-களில்தான், அதுவும் பம்பாய்ப் பக்கத்து லோனாவ்லாவில், டாட்டா மின்சாரக் கம்பெனியாரால் செய்யப்பட்டது. அதன் முட்டை மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். தொட்டியும் தட்டும் வேலை முறையும் ஏறக்குறைய டிரவுட்டுக்கு உள்ளவையே.

கோடையில் டிரவுட் ஓடை தெளிவதைப் போலவே, கீழே ஆறும் வற்றி மடுக்களாகச் சுருங்குகிறது. மஹசீர் முதலிய பெரிய மீன்கள் அம்மடுக்களில் ஒதுங்கி, ஆனி ஆடியில் வரும் புதுவெள்ளத்தில் மேலேறி முட்டையிடக் காத்திருக்கும். தோட்டா போடுவதும், காக்கைக்கொல்லி விதையையோ பிளீச்சிங் பவுடரையோ கலப்பதும் இந்த மாதங்களில்தான். தோட்டா வெடித்தால் மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை சிதைந்துபோகும். செத்தவற்றில் பல அடியில் அமிழ்ந்து யாருக்கும் கிடைக்காமல் அழுகும். குஞ்சும் சினைமீனும் ஒருங்கே அழியும். விஷம் கலந்த மடுவின் நீரையே கீழ்க்கரை ஊரார் மறுநாள் ஆடுமாடுகளுக்குக் காட்டுவர். வெடி, விஷம் இரண்டையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வெடிச்சத்தம் கேட்ட ஊர்க்காரர் நேரத்தையும் மடுவின் பெயரையும் குறித்துக்கொண்டு அன்றே போலீஸ் ஸ்டேஷனிலும் மீன் இலாகாவிலும் தெரிவித்தால், நடவடிக்கை எடுப்பது எளிது. இரண்டு நாள் கழித்துச் சொன்னால் சாட்சியாக மீனும் இராது. மீனவர் ஐக்கிய சங்கம் உள்ள ஊர்களில், பங்குனி முதல் ஆனி வரை இரண்டிரண்டு பேராக முறைவைத்து ஆழமான மடுக்களை இரவில் பார்த்துவருவதற்கு நிர்வாகக் கமிட்டியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒரு டார்ச் விளக்கும் பாட்டரியுமே.